கண் கூட்டும் கணக்கு

எண்ணூர் முகத்துவாரத்தில், கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் ஆழம் குறைந்த நீரில், மடவைக்கும் இறாலுக்கும் வீசப்படும் கைப்பின்னல் வீச்சு வலை ஒரு சிறு வளையத்தில் சில பத்துக் கண்களோடு தொடங்குகிறது. அங்கிருந்து சுற்றுச் சுற்றாகக் கீழிறங்கி, இறங்க இறங்கக் கண்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஈயக்குண்டுகள் கோத்த விளிம்பில் பல நூறு கண்களோடு முடிகிறது. இடையில் எங்கும் எதுவும் வெட்டப்படுவதில்லை, இரு துண்டுகள் சேர்த்துத் தைக்கப்படுவதும் இல்லை. கழுத்தில் தொடங்கித் தோள், மார்பு, இடுப்பு என்று கீழ்நோக்கிப் பின்னப்பட்டு, தையலே இல்லாமல் முடியும் ஸ்வெட்டரின் கட்டுமானமும் இதுவே. ஜனவரி இரவுகளில்கூடச் சராசரியாக 21 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும் சென்னையில் ஸ்வெட்டர் அவசியப் பொருளன்று என்றாலும், அதன் வடிவக் கணக்கைப் புரிந்துகொள்ள ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையில் வலை புழங்கும் இடங்களிலெல்லாம் அந்தக் கணக்கு கண்ணெதிரே கிடக்கிறது.

நெய்த துணிக்கு இப்படி வடிவம் கொடுப்பது அரிது. தறியில் பாவு நூல்களின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே முடிவாகிவிடுவதால் துணியின் அகலம் மாறாது. ஆகவே நீள்சதுரமாக வரும் துணியைத் தையற்காரர் வெட்டி, மடித்து, பிடித்துத் தைத்துத்தான் உடம்பின் வளைவுகளுக்கு ஒத்துப்போகச் செய்ய வேண்டியிருக்கிறது. பின்னலிலோ துணியும் அதன் வடிவமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஒரு வரிசையில் 100 கண்ணிகள் இருக்க, அடுத்த வரிசையில் 104 வைத்தால் துணி அகலமாகிறது. 96 ஆக்கினால் ஒடுங்குகிறது. கத்தரிக்கோல் செய்யும் வேலையை இங்கே எண்ணிக்கை செய்கிறது.

வலைக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சுப் போட்டு மூடப்படுகிறது. மேல்வரிசைக் கண்ணுக்குள் நூலை நுழைத்து, அதன் கழுத்தைச் சுற்றி வளைத்து இறுக்கும் அந்த முடிச்சு, நெசவாளர்கள் அறுந்த நூலை ஒட்டப் பயன்படுத்தும் முடிச்சின் அமைப்பையே கொண்டது. கண்ணின் அளவு பிசகாமல் இருக்க, மூங்கிலாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு பட்டையின்மேல் நூலைச் சுற்றி அளந்து முடிச்சிடுவார்கள். ஸ்வெட்டரில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்தின் வழியே அடுத்த வளையம் இழுக்கப்பட்டு, அது இன்னொன்றைத் தாங்கி, கடைசி வரிசை அடைக்கப்படும் வரை ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்து வருவதை நம்பியே நிற்கிறது. வயதில் முடிச்சுதான் மூத்தது. 1913இல் கரேலியாவில் அன்ட்ரியா என்ற ஊரருகே கிடைத்த, வில்லோ மரப்பட்டை நாரால் ஆன மீன்வலை பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் பழையது. பின்னலூசிகளால் பின்னியவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க துணிகளில் எகிப்தில் கிடைத்த மிகப் பழையனவும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையே.

இனி வடிவக் கணக்கு. ஒரு வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு அதன் சுற்றளவு கூட வேண்டும் என்பது பள்ளிப் பாடம். மையத்திலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னுகிறவருக்கு இந்தப் பாடத்தின் பொருள், ஒவ்வொரு சுற்றின் உயரத்தையும்போல 6.28 மடங்கு நீளத்தை அடுத்த சுற்றில் கூட்டினால் துணி தட்டையான வட்டமாகப் படியும் என்பதாகும். அதைவிடக் குறைவாகக் கூட்டினால் துணி கூம்பாகிறது. எதையும் கூட்டாவிட்டால் குழாயாகிறது. அதிகமாகக் கூட்டினால் ஓரம் தட்டையாகக் கிடக்க இடமின்றி அலை அலையாக மடிகிறது. வீச்சு வலை, பனியன், பஃப் கை, குழந்தைகளின் கம்பளிக் குல்லாய் எல்லாமே இந்த ஒரே விதியின் வெவ்வேறு மதிப்புகள்தாம்.

வலையில் இந்த விதி அழகான ஒரு வடிவத்தை எடுக்கிறது. வலைக்கண் ஒரு சாய்சதுரம். நான்கு பக்கங்களும் மாறாமல் இருக்க, அது இழுபடும் திசையைப் பொறுத்து உயரமாகவோ அகலமாகவோ உருமாறும். இரு மூலைவிட்டங்களும் சமமாகி, கண் சரியான சதுரமாக நிற்கும்போதுதான் அது அடைக்கும் பரப்பு மிகுதியாக இருக்கிறது; குறைந்த நூலில் அதிக நீரை மூட வேண்டிய வலைக்கு அதுவே சிக்கனமான நிலை. அந்த நிலையில் கண்ணின் அகலம், பக்க நீளத்தைப்போல √2 மடங்கு. ஒரு முடிச்சு வரிசை போட்டால் வலை நீளுவது பக்க நீளத்தை √2ஆல் வகுத்த அளவு. இவ்விரண்டையும் வட்டத்தின் விதியில் பொருத்தினால், வலை தட்டை வட்டமாக விரிய, ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் கூட்ட வேண்டிய கண்களின் எண்ணிக்கை சரியாக π என்று வருகிறது. மூன்றே கால் கண்ணுக்குச் சற்றுக் குறைவான இந்த எண்ணை அப்படியே பின்ன முடியாது. ஆனால் 7 வரிசைக்கு 22 கண் என்று கூட்டினால் பள்ளிக்கூடத்து 22/7 வலையில் வந்து உட்கார்ந்துவிடும். நூலின் தடிமனோ கண்ணின் அளவோ இந்த எண்ணை மாற்றுவதில்லை.

ஒரு கற்பனை வலையில் இதை நீட்டிப் பார்க்கலாம். கண்ணின் பக்கம் 15 மில்லிமீட்டர், வலையின் ஆரம் 3 மீட்டர் என்று கொண்டால், ஏறத்தாழ 283 முடிச்சு வரிசைகள் தேவைப்படும். விளிம்பில் சுமார் 890 கண்கள் நிற்கும். மொத்த முடிச்சுகள் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். நிமிடத்துக்குப் பத்து முடிச்சு போடும் கைக்கு அது இருநூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேலை. இயந்திரத்தில் வரும் வலைத் தாளை ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்த வீச்சு வலைகளும் விற்பனையில் இருப்பதற்கான காரணம் இந்தப் பெருக்கலிலேயே அடங்கியிருக்கிறது.

நடைமுறையில் வலைக்காரர் ஒவ்வொரு வரிசையிலும் கண் கூட்டிக்கொண்டிருப்பதில்லை. சில வரிசைகள் கூட்டாமல் போய், பிறகு ஒரே வரிசையில் சம இடைவெளிகளில் பல கண்களைக் கூட்டுவார். கூட்ட வேண்டிய இடத்தில் மேல்வரிசையின் ஒரே கண்ணில் இரண்டு முடிச்சுகள் விழும். முந்தைய சுற்றில் கூட்டிய இடத்துக்கு நேர் கீழேயே அடுத்த முறையும் கூட்டுவதால், விரித்த வலையில் உச்சியிலிருந்து விளிம்பு வரை ஓடும் கோடுகள் புலப்படும். அவற்றைத் தையல் என்று எண்ணுவது எளிது. எண்ணிக்கை மாறிய இடங்களின் தடமே அது.

தட்டை வட்டத்துக்குத் தேவையான முழு எண்ணிக்கையையும் வலை எட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீசும்போது வலைக்குக் கொடுக்கப்படும் சுழற்சியால் ஈயக்குண்டுகள் வெளிநோக்கிப் பறந்து வாயை விரிக்கின்றன. நீரில் விழுந்ததும் ஈயம் முதலில் இறங்க, உச்சி பின்தங்கி, வலை எப்படியும் கூம்பாகத்தான் கீழே போகிறது. கண்கள் தேவைக்கு மிஞ்சினால் மிகுதி வலை மடிப்புகளாகத் தொங்கி நீரின் தடையைக் கூட்டும், இறக்கம் தாமதமாகும், மடவைக்கு அந்தத் தாமதம் போதும். குறைத்தாலோ வாய் சிறுத்து, மூடும் பரப்பு போய்விடும். விளிம்பிலும் இரண்டு வழக்குகள் உண்டு. சிலவகை வலைகளில் விளிம்பை உள்பக்கமாக மடித்து, இடைவெளி விட்டுக் கட்டி, சுற்றிலும் மடி அமைக்கிறார்கள். வலையை இழுக்கும்போது ஈயம் தரையில் உரசி ஒன்றுசேர, மீன் அந்த மடிகளுக்குள் ஒதுங்கும். வேறு வகைகளில் விளிம்பிலிருந்து உச்சி வளையத்தின் வழியே வெளியேறும் கயிறுகள் வாயை உள்ளிழுத்துச் சுருக்குகின்றன. தொளதொளவென்று விரிந்து மணிக்கட்டில் சுருங்கும் கையை வடிவமைக்கிறவர் இந்த இரண்டாம் வகையை நன்றாகக் கவனிக்கலாம்.

ஸ்வெட்டரின் கண்ணி சாய்சதுரமாக இருப்பதில்லை. நேர்ப்பின்னலில், அதாவது ஒரு பக்கம் முழுவதும் V வடிவக் கண்ணிகள் தெரியும் எளிய பின்னலில், அது உயரத்தைவிட அகலம் கூடியது. நடுத்தரக் கம்பளி நூலில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வருவது சாதாரணம். அந்தக் கணக்கில் கண்ணியின் அகலம் 4.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உயரம் 3.3 மில்லிமீட்டர். இந்த விகிதத்தில் தட்டை வட்டம் வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.6 கண்ணிகள் கூட்ட வேண்டும். மேலிருந்து பின்னும் ஸ்வெட்டர்களில் மிகப் பரவலான ராக்லான் முறையோ, இரண்டு சுற்றுக்கு 8 கண்ணிகள், அதாவது ஒரு சுற்றுக்கு 4 என்று கூட்டச் சொல்கிறது. 4.6க்குக் கொஞ்சம் குறைவான இந்த 4, துணியைத் தட்டையாக விடாமல், கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சரியும் கூம்பாக்குகிறது. தோளின் சரிவுக்கு அது கொஞ்சம் கூடுதல்தான். பின்னலின் நெகிழ்ச்சி மீதத்தைச் சமாளித்துக்கொள்கிறது. பின்னுகிறவர்கள் வழிவழியாகக் கைமாற்றிக்கொண்ட அந்த எட்டு என்ற எண்ணுக்குள் மனிதத் தோளின் கோணம் ஒளிந்திருக்கிறது.

வாட்டர்லூ போரில் 1815இல் வலது கையை இழந்த ஆங்கிலேயத் தளபதி ராக்லான் பிரபுவின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பில், கழுத்திலிருந்து அக்குள் வரை நான்கு கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்ற நான்கு பகுதிகளும் அந்தக் கோடுகளில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் ஒரு கண்ணி கூடுவதால் எட்டு. கழுத்தில் 88 கண்ணிகளோடு, அதாவது 40 சென்டிமீட்டர் சுற்றளவோடு தொடங்குவதாகக் கொள்ளலாம்: முன்னும் பின்னும் முப்பது முப்பது, கைகளுக்குப் பதினான்கு பதினான்கு. முப்பது முறை கூட்டி 60 சுற்றுகள் பின்னினால் தோள்பகுதியின் நீளம் 20 சென்டிமீட்டராகும்போது முன்னும் பின்னும் தலா 90, கைகள் தலா 74 என்று மொத்தம் 328 கண்ணிகள் ஊசியில் இருக்கும். இங்கேதான் பாதை பிரிகிறது. கைகளுக்குரிய கண்ணிகளை ஒரு மிச்ச நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, முன்னையும் பின்னையும் சேர்த்து, இரு அக்குள்களிலும் பத்துப் பத்துக் கண்ணிகள் புதிதாகப் போட்டு, 200 கண்ணிகளில் உடலை ஒரே குழாயாக இடுப்பு வரை பின்னிக்கொண்டு போவார்கள். மார்புச் சுற்றளவு 91 சென்டிமீட்டர். ஒதுக்கிய 74ஐ மறுபடி ஊசியில் ஏற்றி, அக்குளின் பத்துக் கண்ணிகளையும் எடுத்துக்கொண்டால், 84 கண்ணிகளோடு, 38 சென்டிமீட்டர் சுற்றளவில் கை தொடங்குகிறது. இடையில் எந்த நேரத்திலும் ஊசியிலிருந்து நூலுக்கு மாற்றித் தலை வழியே போட்டுப் பார்த்து, இன்னும் நான்கு சுற்று வேண்டுமா, போதுமா என்று முடிவு செய்யலாம் என்பதே மேலிருந்து பின்னுவதன் பெரிய சௌகரியம். 1972இல் பார்பரா வாக்கர் இந்த முறைக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதிய பிறகு மேலைநாட்டு வீடுகளில் அது பரவலானது.

பிரியும் அந்த இடம் சங்கடமான இடமும்கூட. கூம்பின் கூர்முனை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கழுத்துத் துளை அமைவதால், தோள்பகுதி முழுவதையும் வளைமையே இல்லாத துணியாகப் பின்ன முடிகிறது. ஒரு கோட்டில் வெட்டினால் அது மேசைமேல் தட்டையாகப் படிந்துவிடும். ஆனால் உடலும் இரு கைகளும் என மூன்று குழாய்கள் ஒரே துணியிலிருந்து கிளைக்க வேண்டுமானால் எங்காவது வளைமை வந்தே ஆக வேண்டும் என்பது வடிவியலின் கட்டாயம். அந்த வளைமை முழுவதும் அக்குளில் போய்க் குவிகிறது. ஒரு திசையில் மேல்நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ்நோக்கியும் வளையும் இத்தகைய பரப்பைச் சேணப்பரப்பு என்பர். அக்குளில் புதிதாகப் போடும் பத்துக் கண்ணிகள் அந்தச் சேணத்துக்குத் தேவையான துணியைத் தருகின்றன. அவை இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது உடல்பகுதி முழுவதும் கூடவே மேலேறும். இருந்தும் அவற்றின் இரு ஓரங்களிலும் சிறு ஓட்டைகள் விழுவதும், அவற்றை நூல்முனையால் இழுத்து மூடுவதும் பின்னுகிறவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை.

கை தொடங்கிய பிறகு அதைத் தொளதொளப்பாக்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் வெவ்வேறு தோற்றம் தரும். 84 கண்ணிகளை ஒரே சுற்றில் இரட்டித்து 168 ஆக்கினால், 38 சென்டிமீட்டர் சுற்றளவு திடீரென்று 76 ஆகி, இடம் போதாத துணி தோளுக்குக் கீழேயே சுருக்கங்களாக எழும்பி நிற்கும். ரவிக்கைக்குப் பஃப் கை தைக்கிறவர் துணியைச் சுருக்கி வைத்துப் பெறும் விளைவு அது. அதே 84 கண்ணிகளை 40 சென்டிமீட்டர் நீளத்தில், 120 சுற்றுகளில் பரப்பிக் கூட்டினால் கை மெல்ல விரியும் கூம்பாகும். அந்தக் கூம்பின் பக்கம் நடு அச்சிலிருந்து சாய்வது 9 பாகை மட்டுமே என்பது வியப்பாக இருக்கலாம். முழங்கை வரை ஒடுக்கமாகத் தெரிந்து, மணிக்கட்டை நெருங்கும்போது மட்டும் பெருத்துத் தொங்கும் கைகள் இந்த இரண்டாம் வழியில் வருகின்றன. நூல் செலவிலும் வேறுபாடு உண்டு. சாதாரணமாக 38இலிருந்து 19 சென்டிமீட்டருக்கு ஒடுங்கும் கையைவிட, மெல்ல விரியும் கை இரண்டு மடங்கு நூல் கேட்கும். தோளிலேயே இரட்டித்த கை ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு கேட்கும்.

மணிக்கட்டில் இந்த 168ஐ அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னினால் 84, பிறகு 42 கண்ணிகள். சுற்றளவு 76இலிருந்து 19 சென்டிமீட்டராகிறது. சுருக்கம் ஏன் விழுகிறது என்பதை இங்கே எண்களிலேயே காணலாம். ஆரம் 12 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டராகக் குறைய, சுருக்கமே இல்லாத தட்டைத் துணியாக இருந்தால்கூட 9 சென்டிமீட்டர் நீளம், அதாவது 27 சுற்றுகள் தேவை. கிடைப்பதோ இரண்டே சுற்று. மிச்சச் சுற்றளவுக்குப் போக வழியில்லாததால் அது செங்குத்து மடிப்புகளாக மேலே ஏறிப் பையைப் போல் உப்புகிறது. கயிற்றை இழுத்ததும் வீச்சு வலையின் வாயருகே நடப்பதும் இதுவே. கயிறு செய்வதைக் கையில் குறைப்புச் சுற்று செய்கிறது. உப்பிய பகுதி மணிக்கட்டுப் பட்டையின்மேல் கவிந்து விழ வேண்டுமானால், கையின் உண்மை நீளத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாகப் பின்னிய பிறகே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை நீட்டும்போதெல்லாம் துணி இழுபட்டு உப்பல் காணாமற்போகும்.

விதியின் மறுமுனை, அதாவது தட்டை வட்டத்துக்குத் தேவையானதைவிடத் தொடர்ந்து அதிகமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்பது, கணிதத்தில் ஒரு தனி வரலாறு கொண்டது. எல்லா இடங்களிலும் சேணமாகவே வளையும் அதிபரவளையத் தளத்தைத் தாளிலோ மரத்திலோ உறுதியாகச் செய்து காட்ட முடியாமல் ஆசிரியர்கள் திணறிக்கொண்டிருந்தபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா 1997இல் குரோஷா ஊசியால், குறிப்பிட்ட விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் அதைச் செய்து காட்டினார். பவளத்தின் ஓரத்தையும் கீரையின் சுருண்ட இலையையும் ஒத்த அந்தப் பொருளைக் கையில் புரட்டிப் பார்க்கலாம், அதன்மேல் கோடுகள் தைத்து இணைகோடுகளின் நடத்தையைச் சோதிக்கலாம். சட்டையின் ஓரத்துக்கு வைக்கும் ஃபிரில், தத்துவத்தில், அதன் ஒரு கீற்றுதான்.

எண்ணிக்கை மட்டும் வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை. கம்பளி நூலை நேராக இழுத்தால் அது நீளுவது சொற்பம். அதே நூல் கண்ணிகளான பிறகு துணி தாராளமாக நீள்கிறது. இழுக்கும்போது நூல் நீளாமல் கண்ணியின் வளைவே நிமிர்ந்து இடம் கொடுக்கிறது. விட்டதும் வளைந்த நூலின் விறைப்பு அதைப் பழைய இடத்துக்குத் திருப்புகிறது. ஒரு கண்ணிக்குள் எவ்வளவு நூல் நீளம் அடங்கியிருக்கிறது என்ற ஒரே அளவுதான் தளர்ந்து கிடக்கும் பின்னல்துணியின் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது என்று 1959இல் மண்டன் என்ற ஆங்கில ஆய்வாளர் காட்டினார். திருப்பூரின் நிட்டிங் கூடங்களில் 'லூப் லெங்த்' என்று இன்றும் முதலில் கேட்கப்படும் அளவு அதுவே. முடிச்சுள்ள வலைக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது. அது விரிவது கண்கள் உருமாறுவதால் மட்டுமே. ஒரு திசையில் விரிந்தால் மறு திசையில் அதே கணக்கில் சுருங்கியாக வேண்டும். பொருளும் தன் பங்கைச் செய்கிறது. பருத்தி இழையின் அடர்த்தி கம்பளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதிகம். கம்பளிக்கு உள்ள இயற்கைச் சுருள் அதற்குக் கிடையாது. அதனால் பருத்தி நூலில் பின்னிய பெருங்கை சில மணி நேரத்தில் தன் எடையிலேயே இறங்கித் தொங்கிவிடுகிறது. வெப்பமான ஊர்க்காரர்களுக்கு ஏற்ற நூலும் உப்பலான கைக்கு ஏற்ற நூலும் ஒன்றாக அமையாதது ஒரு சிறு துரதிர்ஷ்டம்.

கூட்டிப் பின்னுவதற்கு நேர்மாறான வழியைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம், குறிப்பாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்க வலைகள் பிரித்துப் போடப்படும்போது. விசைப்படகு இழுக்கும் இழுவை வலையும் அகன்ற வாயில் தொடங்கி, பின்னால் ஒடுங்கி, மீன் சேரும் மடியில் முடியும் ஒரு பெரிய கைதான். ஆனால் அது ஆலையில் இயந்திரம் முடிச்சிட்ட, கண்ணெண்ணிக்கை மாறாத நீள்சதுரத் தாள்களிலிருந்து வெட்டப்படுகிறது. எத்தனை கண்ணை நேராகவும் எத்தனை பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டினால் என்ன சரிவு வரும் என்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. வெட்டிய துண்டுகள் ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கட்டப்படுகின்றன. வலைத்தொழிலில் இது தையற்கடை முறை. அளவு பெரிதாகும்போது அதுவே கட்டுப்படியாகிறது, கிழிந்த ஒரு துண்டை மட்டும் மாற்றவும் முடிகிறது.

கூட்டிப் பின்னுவது, வெட்டிச் சேர்ப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் திருப்பூர் நிற்கிறது. வட்டப் பின்னல் இயந்திரம் துணியைக் குழாயாகவே இறக்குகிறது. இயந்திரத்தின் விட்டம், அவர்கள் சொல்லும் 'டயா', உடம்பின் அளவுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்படுவதால் கையில்லாப் பனியனுக்குப் பக்கத் தையலே தேவைப்படுவதில்லை. அதற்கொரு விலையும் உண்டு. சுற்றிச் சுற்றிப் பின்னுவது உண்மையில் சுற்றுகளை அடுக்குவதன்று, ஒரே திருகுப்பாதையில் ஏறுவது. கைப்பின்னலில் ஒரு சுற்றுக்கு ஒரு வரிசைதான் ஏறுகிறது என்பதால் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. பல நூல்கள் ஒரே நேரத்தில் ஊட்டப்படும் இயந்திரத்திலோ ஒரு சுழற்சிக்குள் அத்தனை வரிசைகளும் ஏறிவிடுகின்றன. நூலில் தங்கிய முறுக்கும் அதனோடு சேர்ந்துகொள்ள, துவைத்து உலர்த்திய பனியன் இடுப்பருகே ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. பக்கத் தையல் உள்ள உடையில் தையற்கோடு முன்னால் நகர்ந்து இந்தத் திருகலைக் காட்டிக்கொடுக்கும். தையலற்ற பனியனில் திருகல் இருந்தும் அதைச் சுட்டிக்காட்ட ஒரு கோடு இல்லை.

எந்தத் திசையில் பின்னப்பட்டது என்பது பழுதுபார்க்கும் நாளில்தான் முழு முக்கியத்துவம் பெறுகிறது. வீச்சு வலையில் முதலில் நைவது விளிம்பு. எண்ணூர்க் கழிமுகத்தின் தரையில் சிப்பியும் கல்லும் அதை அறுக்கின்றன, அனல்மின் நிலையச் சாம்பல் பல இடங்களில் ஆற்றைத் தூர்த்து ஆழத்தைக் குறைத்துவிட்டதால் உரசலுக்குக் குறைவில்லை. கடைசியாகப் பின்னிய வரிசைகளே விளிம்பில் இருப்பதால், நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கண்களிலிருந்து மறுபடி கீழ்நோக்கிப் பின்னிக்கொண்டு போகலாம். வெட்டுப்பட்ட இடத்தில் முடிச்சுகள் நிற்பதால் வலை மேற்கொண்டு பிரியாது. வலை முழுவதையும் கெடுக்கும் சேதத்துக்கு இந்த வைத்தியம் பயன்படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் பரவிய எண்ணெய், பல நுண்ணிழைகள் சேர்ந்த நைலான் நூலின் இடுக்குகளிலும் ஒவ்வொரு முடிச்சின் உள்ளிலும் புகுந்து தங்கக்கூடியது. ஒன்றேகால் லட்சம் முடிச்சுகளைச் சுரண்டிக் கழுவ வழியில்லை.

ஸ்வெட்டரில் திசையின் கட்டாயம் இன்னும் கடுமையானது. பின்னல்துணி முடித்த முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று வரிசை வரிசையாகப் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து பிரிக்க முயன்றால் ஒவ்வொரு கண்ணியிலும் நூல் மாட்டிக்கொள்ளும். பிரிட்டனின் கடற்கரைகளில் மீனவர்கள் அணிந்த, 'கான்ஸி' எனப்பட்ட தையலற்ற கம்பளிச் சட்டைகளில் உடல்பகுதி கீழிருந்து மேலாகப் பின்னப்பட்டாலும், கைகள் மட்டும் தோளில் கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கி இறங்கின. உப்புநீரிலும் கயிற்றிலும் முதலில் நைவது கைநுனிதான் என்பதை அறிந்த குடும்பங்கள், அதைப் பிரித்துப் புதிய நூலில் மறுபடி பின்னிக்கொள்ள இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தன. தொளதொளப்பான கைக்கும் அது பொருந்தும்: நைந்த 42 கண்ணிப் பட்டையைப் பிரித்து, இரண்டு குறைப்புச் சுற்றுகளையும் பிரித்தால் 168 கண்ணிகள் பழையபடி ஊசிக்கு வரும். ஜப்பானின் ஷிமா செய்க்கி நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய, முழு உடையையும் தையலின்றி ஒரே ஓட்டத்தில் பின்னும் இயந்திரத்தில் உடலும் இரு கைகளும் மூன்று தனிக் குழாய்களாகப் பெரும்பாலும் கீழ்விளிம்பிலிருந்து மேலேறி அக்குளில் ஒன்றுசேர்கின்றன. அப்படி வந்த உடையின் மணிக்கட்டு அதன் தொடக்க முனை என்பதால், அது நைந்தால் நூலை இழுத்துப் பிரிக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும்.